பேக்கேஜுக்குள் என்ன சேர்த்தார்கள்?

(முன்னாள் மாணவர் சங்கமத்தின் காலை அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"வாழ்வில் முன்னேறுவது எப்படி" என்று பேசச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். நல்ல வேளை, "உங்க தொழிலிலேர்ந்து ஏதாவது ஒரே ஒரு விஷயம், பசங்களுக்கு உபயோகப்படற மாதிரி" என்று செயலாளர் சொல்லிவிட்டார். என் தொழில் உங்களில் பலருக்குத் தெரியும். லாங் பஜாரிலும் நேதாஜி மார்க்கெட்டைச் சுற்றியும் உள்ள மண்டிகள், கடைகள் ஆகியவற்றின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது. ஆகவே பெரிய கம்பெனி அனுபவம் எதையும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு மெஷினில் நிறுவியிருக்கும் மென்பொருள், எந்தெந்த ஆப்ஷன்களோடு கம்பைல் செய்யப்பட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதுதான் விஷயம். கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் இது தெரியாமல் ஒருவருடைய கூலி நின்றுபோகும் நிலை வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

நாமெல்லாம் தோல் ஊர்க்காரர்கள். நம் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்துபோனது, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. ஆனாலும் தோல் என்றால் நாலு ஊரும் ஒன்றுதான். பதனிட்டுச் சாயமும் ஏற்றி முடித்த ஒரு தோலைக் கையில் கொடுத்து, இது குரோமில் பதனிட்டதா, மரப்பட்டையில் பதனிட்டதா என்று கேட்டால், அனுபவசாலி தொட்டுப் பார்த்துச் சொல்லுவார். சந்தேகம் வந்தால் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார். பட்டைத் தோல் சுருண்டுவிடும், குரோம் தோல் தாங்கும். அதற்கு மேலே, பூசணம் பிடிக்காமல் இருக்க என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்டால் அவராலும் சொல்ல முடியாது. 1989-ல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற மருந்துக்குத் தடை போட்டபோது நம் ஏற்றுமதிக்காரர்கள் பட்ட பாடு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தோல் அதே தோல், பேர் அதே பேர், தரமும் அதே தரம். உள்ளே என்ன சேர்த்தாய் என்பதுதான் புதுக் கேள்வி. 2015 மே முதல் ஐரோப்பாவில் இன்னொரு கட்டுப்பாடு வந்தது: தோலில் ஆறாம் நிலைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டால் விற்க முடியாது. இதற்கெல்லாம் துண்டு வெட்டி லேபுக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும்.

மென்பொருளும் அதே கதைதான். ஒரு வசதி மட்டும் உண்டு: துண்டு வெட்டத் தேவையில்லை. பெரும்பாலான மென்பொருட்களிடம் நேரிலேயே கேட்டுவிடலாம், அதுவே சொல்லும். கேட்கத்தான் ஆளில்லை.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. மூல நிரல் ஒன்றுதான் இருக்கும். அதை மெஷின் மொழிக்குக் கம்பைல் செய்கிறவர், "இது வேண்டும், இது வேண்டாம்" என்று ஆப்ஷன் கொடுப்பார். "வித்" என்று தொடங்கினால் சேர், "வித்தவுட்" என்று தொடங்கினால் விடு. ஒன்றும் சொல்லாவிட்டால் அதுவாகவே அந்த மெஷினில் என்னென்ன நூலகக் கோப்புகள் கிடைக்கின்றன என்று தேடிப் பார்த்து, கிடைத்ததைச் சேர்த்துக்கொண்டு, கிடைக்காததைப் பற்றி ஒரு வரி அச்சடித்துவிட்டுப் போய்விடும். இந்தக் கடைசி வகைதான் ஆபத்து. அந்த ஒரு வரியை யாரும் படிப்பதில்லை. வெளியே வரும்போது பேரும் ஒன்று, பதிப்பு எண்ணும் ஒன்று. உள்ளிருப்பு மட்டும் வேறு.

இப்போது அந்தக் கூலிக் கதை. லாங் பஜாரில் ஒரு மளிகை மண்டி. சுற்றுப்பட்டுக் கிராமக் கடைக்காரர்கள் விடிகாலையில் வந்து மொத்தமாகச் சரக்கு எடுப்பார்கள். பில்லைத் தமிழில் போட வேண்டும் என்பது முதலாளியின் விருப்பம். வாங்குகிறவர் மூட்டையைப் பிரிக்கும்போது பில்லைப் பார்த்து ஒவ்வொன்றாக டிக் அடிப்பார், அதற்குத்தான். சின்ன தெர்மல் பிரிண்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எனவே பில்லை ஒரு படமாக வரைந்து அனுப்புவது வழக்கம். ஒரு இளைஞர் பைத்தானில் எழுதிக் கொடுத்தார். படம் வரைவதற்குப் பில்லோ என்ற பேக்கேஜ். கவுண்ட்டர் மெஷினில் பில் அழகாக வந்தது. குடோனில் இருந்த பழைய 32 பிட் மெஷினில் அதே நிரலை ஏற்றினார்கள். அங்கே வந்த பில்லைப் பார்த்தால், வெல்லத்தின் ஒற்றைக் கொம்பு "வ"வுக்குப் பின்னால் போய் "ல்"லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கொத்தமல்லி, தேங்காய் எல்லாம் அதே கதி. சுக்கு என்பதில் "ச" தனி, உகரக் குறி தனி.

"ஒரே சாமான்தானே சார், இங்க நல்லா வருது, அங்க ஏன் உதைக்குது?" என்றார் முதலாளி. கேள்வி நியாயமான கேள்வி. நிரல் ஒன்று, பில்லோ பதிப்பு ஒன்று, எழுத்துரு ஒன்று. அந்தத் தம்பி எழுத்துருவை நாலு முறை மாற்றிப் பார்த்துவிட்டார். முதலாளிக்குப் பொறுமை போய், "தமிழே வேணாம்பா, பேரையெல்லாம் இங்கிலீஷ் எழுத்துல போட்டுடு. அது வர வரைக்கும் பாக்கிப் பணம் இல்ல" என்று சொல்லிவிட்டார். இரண்டாயிரத்துச் சொச்சம் சரக்குப் பேர். எல்லாவற்றையும் மாற்றித் தட்ட வேண்டும் என்று அந்தப் பிள்ளை உட்கார்ந்துவிட்டது.

அந்தப் பில்லில் மஞ்சள், ஏலக்காய், இலவங்கம் மூன்றும் சரியாகவே இருந்தன என்பதைக் கவனியுங்கள். கொம்பு இருக்கிற சொல்லும், உகரம் ஒட்டிய சொல்லும்தான் உடைந்தன. கணினிக்குள் "வெ" என்பது முதலில் "வ", அடுத்துக் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. வரையும்போது கொம்பை முன்னால் நகர்த்த வேண்டும். "சு" என்பதை ஒரே உருவமாக ஆக்க வேண்டும். இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம். பில்லோ அதை ராக்ம் என்ற இன்னொரு நூலகத்தின் வழியாகக் கூப்பிடுகிறது. அந்த ராக்ம், பில்லோவைக் கட்டும்போது சேர்த்தாலும் சேர்க்கலாம், விட்டாலும் விடலாம் என்கிற ஆப்ஷன். கவுண்ட்டர் மெஷினுக்கு ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்த தயார் பேக்கேஜ் கிடைத்திருக்கிறது, அதில் ராக்ம் உண்டு. குடோனின் பழைய மெஷினுக்குத் தயார் பேக்கேஜ் இல்லாததால், நிறுவும் நேரத்தில் அங்கேயே கம்பைல் ஆகியிருக்கிறது. ராக்ம் அங்கே இல்லை. ஆகவே விட்டுவிட்டுக் கட்டி முடித்துவிட்டது. "வெற்றிகரமாக நிறுவப்பட்டது" என்றும் சொல்லிவிட்டது!

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கட்டளை போதும். பைத்தான், மைனஸ் எம், பிறகு பெரிய எழுத்தில் பி-ஐ-எல். பில்லோ தன் வயிற்றில் இருப்பதை எல்லாம் வரிசையாகச் சொல்லும். இருப்பவற்றுக்கு முன்னால் மூன்று கோடு, இல்லாதவற்றுக்கு முன்னால் மூன்று நட்சத்திரம். ராக்ம் வரியில் நட்சத்திரம் இருந்தது. அந்த வரியை அந்தத் தம்பியும் ஒருமுறை பார்த்திருக்கிறார். ஆனால் அங்கே ராக்ம் என்பதற்கு எதிரில் "இருதிசை எழுத்து" என்று ஆங்கிலத்தில் விளக்கம் போட்டிருப்பார்கள். "அது உருது, அரபிக்காரங்களுக்குன்னு நெனச்சேன் சார்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அந்த விளக்கம் எழுதியவருக்குத் தமிழின் கொம்பு நினைவுக்கு வரவில்லை. ராக்மின் கோப்புகளை முதலில் நிறுவிவிட்டு, "ராக்ம் கட்டாயம்" என்ற ஆப்ஷனோடு பில்லோவை மறுபடி கம்பைல் செய்தோம். கட்டாயம் என்று சொல்லிவிட்டால், கிடைக்காதபோது பேசாமல் விட்டுவிடாது, நடுவிலேயே நின்று கத்தும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பில் சரியாக வந்தது, பாக்கிப் பணமும் வந்தது.

சரி, மற்ற மென்பொருட்களிடம் எப்படிக் கேட்பது? ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஷை. என்ஜின்எக்ஸ் வெப் சர்வரிடம் சின்ன வி கொடுத்தால் பதிப்பு எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போகும். பெரிய வி கொடுத்தால் கம்பைல் செய்தபோது கொடுத்த ஆப்ஷன் முழுவதையும் கொட்டிவிடும். ஒரு எழுத்து வித்தியாசம்தான், ஆனால் முக்கால்வாசிப் பேர் சின்ன வியோடு நின்றுவிடுகிறார்கள். மூலத்திலிருந்து நீங்களே என்ஜின்எக்ஸைக் கட்டினால், கேட்டால் ஒழிய எஸ்எஸ்எல் சேராது. பிறகு எச்டிடிபிஎஸ் வரவில்லை என்று சர்டிபிகேட்டைத் திட்டிப் பயனில்லை. கர்ல் நிரலிடமும் பெரிய வி கேளுங்கள், எந்தெந்த நெறிமுறைகள் தெரியும் என்று பட்டியல் தரும். விம் எடிட்டரிடம் பதிப்பைக் கேட்டால் கூட்டல் குறியும் கழித்தல் குறியுமாக ஒரு பக்கம் முழுக்க வரும். கூட்டல் இருந்தால் சேர்த்தது, கழித்தல் இருந்தால் விட்டது. வெளியே காப்பி செய்த வரி விம்முக்குள் ஒட்டவில்லை என்று வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது கிளிப்போர்டு என்ற சொல்லுக்கு முன்னால் என்ன குறி இருக்கிறது என்பதைத்தான். எஃப்எஃப்எம்பெக் கேட்காமலே ஒவ்வொரு முறையும் சொல்லும், அதை நாம் எரிச்சலோடு மேலே தள்ளிவிடுவோம். பிஎச்பிக்கு மைனஸ் ஐ. எஸ்க்யூலைட்டுக்குள் பிராக்மா கம்பைல் ஆப்ஷன்ஸ். எல்லாவற்றையும் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை.

போஸ்ட்கிரெஸ் மட்டும் ஒரு நிமிடம். பிஜி-கான்ஃபிக் என்ற கருவியிடம் கன்ஃபிகர் என்று கேட்டால், கட்டிய ஆப்ஷன்களைக் காட்டும். அதில் ஐசியூ இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வசதி 2017-ல் பத்தாம் பதிப்பில் வந்தது. 2023-ல் வந்த பதினாறாம் பதிப்பிலிருந்துதான், வேண்டாம் என்று சொல்லாதவரை தானாகச் சேரும்படி ஆனது. தமிழுக்கு அதனால் என்ன? யூனிகோடு எண் வரிசையில் "ஜ" என்பது "ச"வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. வெறும் எண் வரிசையில் அடுக்கினால் சீரகத்துக்குப் பக்கத்தில் ஜாதிக்காய் வரும். தமிழ் அகராதி வரிசையில் அது வெல்லத்துக்கும் பின்னால், கடைசியில் வர வேண்டும். எண் வரிசையில் "ழ" முடிந்த பிறகுதான் "வ" வரும், "ன" எங்கேயோ நடுவில் கிடக்கும். ஐசியூ சேர்த்துக் கட்டியிருந்தால் தமிழ் வரிசையைக் கேட்டு வாங்கலாம். மண்டியில் இதை யாரும் பொருட்படுத்தவில்லை என்பது வேறு விஷயம். நூலகத்துக்கோ, வாக்காளர் பட்டியலுக்கோ நிரல் எழுதப் போகிறவர்கள் நினைவில் வையுங்கள்.

லினக்ஸ் கெர்னலுக்கு வந்தால் ஒரு வேடிக்கை. பூட் என்ற அடைவில் கான்ஃபிக் என்று தொடங்கும் கோப்பில் பெரும்பாலும் எல்லா ஆப்ஷனும் இருக்கும். சில மெஷின்களில் ப்ராக் அடைவுக்குள்ளே ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலே அந்தப் பட்டியலைச் சுருக்கி வைத்திருக்கும். ஆனால் அப்படி வைத்திருப்பதே ஒரு ஆப்ஷன்! அதைச் சேர்க்காமல் கட்டியிருந்தால், என்ன சேர்த்தார்கள் என்று கேட்கவும் வழியில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஃப்ரீபிஎஸ்டி, ஜென்டூ மாதிரி அமைப்புகளில் பேக்கேஜைக் கட்டும் ஆப்ஷனை நாமே தேர்ந்தெடுப்போம். ஃப்ரீபிஎஸ்டியில் ஒரு போர்ட்டின் அடைவுக்குள் போய் மேக் ஷோகான்ஃபிக் என்று கேட்டால் ஆப்ஷன் பட்டியல் வரும். பலர் அதைப் பார்த்துவிட்டு, "நிறுவியிருப்பது இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தப்பு. அது நீங்கள் தேர்ந்து வைத்திருக்கும் தேர்வு. அடுத்த முறை கட்டினால் எப்படிக் கட்டும் என்பதுதான் அது. இப்போது டிஸ்கில் உட்கார்ந்திருப்பது போன வருஷம் வேறு ஆப்ஷனில் கட்டியதாக இருக்கலாம், அல்லது வெளியிலிருந்து தயாராக வந்ததாக இருக்கலாம். நிறுவிய பேக்கேஜைப் பற்றித் தெரிய வேண்டுமானால் பிகேஜி இன்ஃபோவிடம் பேரைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆப்ஷன்ஸ் என்ற தலைப்பின் கீழ் ஆன், ஆஃப் என்று ஒவ்வொன்றாக வரும். மண்டிக்காரருக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், முன்னது ஆர்டர் புஸ்தகம், பின்னது ஸ்டாக் புஸ்தகம். ஆர்டர் புஸ்தகத்தைப் பார்த்து இருப்பைச் சொல்லக்கூடாது.

ஜென்டூக்காரர்கள் இதில் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். அங்கே யூஸ் ஃபிளாக் என்பார்கள். ஈக்வெரி யூஸஸ் என்று கேட்டால் இரண்டு பத்தி வரும். ஒன்று, இனிமேல் கட்டினால் எப்படி. இன்னொன்று, இப்போது நிறுவியிருப்பது எப்படி. இரண்டும் வேறுபட்டால் கண்ணில் அறையும். வேறுபட்டதை மட்டும் மறுபடி கட்டு என்று சொல்லவும் நியூயூஸ் என்று ஒரு ஆப்ஷன் வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் அதிகம் புழங்குவது டெபியன், உபுண்டு. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிதான். இவற்றில் தேர்வை நம்மிடம் விடுவதில்லை, அவர்களே கட்டித் தருவார்கள். வேண்டுமானால் ஒரே மென்பொருளை இரண்டு மூன்று பேக்கேஜாக வைப்பார்கள். விம்மில் டைனி என்று ஒன்று, எக்ஸிம் மெயில் சர்வரில் லைட் என்றும் ஹெவி என்றும் இரண்டு. எந்த ஆப்ஷனில் கட்டினார்கள் என்று பார்க்க, அந்த பேக்கேஜின் மூலத்தை இறக்கி, டெபியன் அடைவில் ரூல்ஸ் என்ற கோப்பைத் திறக்க வேண்டும். கட்டியபோது ஓடிய முழு விவரத்தையும் டெபியன் பொதுவில் வைத்திருக்கிறது. படிக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

பில்லில் கொம்பு இடம் மாறுவதோடு முடிந்தால் பரவாயில்லை. 2014 ஏப்ரல் 7-ந் தேதி ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானது நினைவிருக்கலாம். ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை ஓட்டை, 1.0.1ஜி-யில் அடைத்தாயிற்று என்று அறிவித்தார்கள். எல்லோரும் ஓடிப்போய்ப் பதிப்பு எண்ணைப் பார்த்தார்கள். டெபியனில் 1.0.1இ என்றே காட்டியது. காரணம், அவர்கள் பதிப்பை மாற்றாமல் பழைய பதிப்பிலேயே ஓட்டையை அடைத்திருந்தார்கள். இன்னொரு பக்கம், ஹார்ட்பீட் வசதியே வேண்டாம் என்ற ஆப்ஷனோடு கட்டியவர்களுக்கு ஓட்டைப் பதிப்பிலும் ஓட்டை இல்லை. எண்ணைப் பார்த்துப் பயந்தவர்களில் சிலருக்குப் பயமே தேவையில்லை. அன்றைக்குக் கைகொடுத்தது ஓபன்எஸ்எஸ்எல் வெர்ஷன் என்பதோடு மைனஸ் ஏ சேர்த்துக் கேட்பதுதான். எந்தத் தேதியில் கட்டியது, எந்த ஆப்ஷனில் கட்டியது, இரண்டையும் சொல்லும்.

பத்து வருஷம் கழித்து, 2024 மார்ச் 29-ல், ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் எக்ஸ்இசட் நூலகத்தில் கள்ளக் கதவு இருப்பதை அறிவித்தார். எஸ்எஸ்எச்சில் நுழைய அரை விநாடி தாமதமாகிறதே என்று துருவப் போய்க் கண்டுபிடித்தது. அரை விநாடி! அந்தக் கதவு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இருந்தது. ஆனால் அந்தப் பதிப்பு இருந்த எல்லா இடத்திலும் திறக்கவில்லை. 64 பிட் இன்டெல் வகை லினக்ஸில், டெபியன் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜாகக் கட்டும்போது மட்டும் உள்ளே நுழையும்படி எழுதியிருந்தார்கள். எஸ்எஸ்எச் சர்வருக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடி உறவே கிடையாது. சில விநியோகங்கள் சிஸ்டம்டியோடு பேசுவதற்காக எஸ்எஸ்எச்சில் ஒரு ஒட்டுப் போட்டுக் கட்டியதால், அந்த வழியாக எக்ஸ்இசட்டும் கூடவே வந்து சேர்ந்தது. ஒட்டுப் போடாதவர்களுக்கு அந்த வழி இல்லை. இந்த மாதிரி விஷயத்தில் மென்பொருளின் வாய்வார்த்தை போதாது. எல்டிடி என்ற கருவியை வைத்து, அது உண்மையிலேயே எந்தெந்த நூலகங்களை இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். அதையும் சந்தேகப்படும் கோப்பின் மேல் ஓட்டாதீர்கள், நம்பகமான பேக்கேஜின் மேல் மட்டும்.

லாங் பஜாரில் நான் பார்க்கும் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு உரைக் கோப்பு வைத்திருக்கிறேன். தேதி போட்டு, அந்தக் கடை நம்பியிருக்கும் நாலைந்து மென்பொருட்களின் ஆப்ஷன் பட்டியலை அப்படியே கொட்டி வைப்பேன். புதுப் பதிப்பு ஏற்றியதும் மறுபடி கொட்டி, டிஃப் போட்டுப் பார்ப்பேன். ஐந்து நிமிட வேலை. "நேத்து வரைக்கும் ஓடிச்சு சார்" என்று போன் வந்தால் முதலில் திறப்பது அந்தக் கோப்பைத்தான். தம்பி தங்கையர் யாருக்காவது பிரச்சினை வந்து எங்களில் ஒருவரைக் கூப்பிட்டால், பதிப்பு எண்ணோடு இந்தப் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். பாதிக் கேள்வி அதிலேயே தீர்ந்துவிடும், நாங்களும் போனில் அரை மணி நேரம் விசாரிக்க வேண்டியிருக்காது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிக்கு லேபில் இரண்டு மெஷின் வைத்திருக்கிறேன். இரண்டிலும் பில்லோ ஒரே பதிப்பு. ஒன்றில் தமிழ் சரியாக வரும், இன்னொன்றில் உடையும். பில்லோவோடு நிறுத்தவில்லை, விம்மிலும் எஸ்க்யூலைட்டிலும்கூட வித்தியாசம் வைத்திருக்கிறேன். எதில் என்ன என்று நீங்களே கேட்டுக் கண்டுபிடியுங்கள். பெரியவர்களும் வரலாம்.